பள்ளிச் சேர்க்கை எல்லையும் வீட்டு விலையும்: பள்ளிப்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்படும் விலை அதன் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மனையின் சதுர அடிக்கும் மட்டுமானதன்று. அந்த முகவரியில் குடியிருப்பதால் கிடைக்கும் வசதிகளுக்கும் உரிமைகளுக்குமான விலையும் அதில் கலந்திருக்கிறது. உலகின் பல நகரங்களில் இவ்வுரிமைகளுள் விலை மிகுந்தவற்றில் ஒன்று, நல்ல பொதுப் பள்ளியொன்றில் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம். குறிப்பிட்ட பரப்புக்குள் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பள்ளியில் சேரும் உரிமையையோ முன்னுரிமையையோ தரும் ஏற்பாடு இங்கே 'சேர்க்கை எல்லை' எனப்படுகிறது. அத்தகைய எல்லை வரையப்பட்டதும், கோட்டுக்கு உட்பட்ட வீடுகளின் விலை பள்ளியின் தரத்துக்கு ஏற்ப உயர்கிறது. பள்ளிக்குச் செலுத்தாத கட்டணத்தைப் பெற்றோர் வீட்டை விற்பவருக்குச் செலுத்துகின்றனர். பொருளியலார் இதை 'மூலதனமாக்கம்' என்பர். ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய ஒரு பயன் நிலத்தின் விலைக்குள் ஒரே தொகையாகப் போய் உறைந்துவிடுவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இந்த உறைதலை அளப்பது எளிதன்று. நல்ல பள்ளி உள்ள பகுதியில் நல்ல சாலையும் தண்ணீரும் வசதி படைத்த அண்டை வீட்டாரும் சேர்ந்தே இருப்பதால், கூடுதல் விலையில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அமெரிக்கப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது: பாஸ்டனின் புறநகர்களில், தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கை எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் மிக நெருங்கி நிற்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தெருவும் சுற்றுப்புறமும் ஒன்றாக இருக்கப் பள்ளி மட்டும் வேறாகும்போது விலை எவ்வளவு மாறுகிறது என்று அது பார்த்தது. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் அதற்காகப் பெற்றோர் சுமார் 2.5 சதவீதம் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தனர் என்பது அதன் முடிவு. பழைய முறைகள் காட்டியதில் ஏறத்தாழப் பாதிதான் இது. மீதிப் பாதி பள்ளியின் பெயரில் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை.

பிளாக்கின் முறையைப் பிறகு பல நாட்டினர் பின்பற்றினர். அவற்றுள் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டியது கேப்ரியேல் ஃபாக், ஜூலியன் கிரெனே ஆகிய இருவரும் பாரிஸ் நகரை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வு. அரசு நடுநிலைப் பள்ளியின் தரம் பாரிஸிலும் வீட்டு விலையில் ஏறுகிறது. ஆனால் அருகில் தனியார் பள்ளிகள் மிகுந்திருக்கும் பகுதிகளில் அந்த ஏற்றம் குறைந்துவிடுகிறது. பணம் கட்டிச் சேர வேறு வாசல் திறந்திருந்தால், முகவரிக்காக அதிகம் தரவேண்டிய தேவை பெற்றோருக்கு இல்லை. பள்ளியின் மதிப்பு நிலத்தில் ஏற இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது: சேர்க்கைக்கு முகவரியை நுழைவுச்சீட்டாக்கும் ஒரு விதி இருக்க வேண்டும், அந்த விதியைச் சுற்றிப் போகப் பணத்தால் இயலாதிருக்க வேண்டும்.

இரண்டு நிபந்தனைகளும் தமிழ் பேசும் நாடுகளிலேயே நிறைவேறும் இடங்கள் உண்டு. இலங்கையில் தரம் 1 அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றுநிருபம், பெயர்பெற்ற பாடசாலைகளின் இடங்களில் பாதியை அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதமும், ஏற்கெனவே படிப்போரின் உடன்பிறப்புகளுக்கு 15 சதவீதமும் போக, எஞ்சியவை சிறு பிரிவுகளுக்குச் செல்கின்றன. 'அண்மை' என்பது இங்கே வெறும் தூரம் அன்று. வாக்காளர் இடாப்பில் ஐந்து ஆண்டுப் பதிவு, காணி உறுதி, மின்கட்டணப் பட்டியல் என ஆவணம் ஆவணமாகப் புள்ளி வழங்கப்பட்டு, வீட்டுக்கும் விரும்பும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் அதற்காகப் புள்ளி கழிக்கப்படுகிறது. சொந்த வீட்டின் உறுதிக்குக் கிடைக்கும் புள்ளி வாடகை ஒப்பந்தத்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளை பிறந்த கையோடு கொழும்பில் வீடு தேடத் தொடங்கும் குடும்பத்துக்கு வாடகை வீடு போதாது, வாங்கத்தான் வேண்டும். வாங்க இயலாதவர்களுக்காகப் பொய் உறுதிகளும் பொய் முகவரிகளும் புழங்குவதும், அனுமதிக்காகக் கைநீட்டிய அதிபர்கள் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சிக்குவதும் அந்நாட்டுச் செய்தித்தாள்களுக்குப் பழகிய செய்திகள்.

சிங்கப்பூரில் விதி இதைவிடச் சுருக்கமானது. தொடக்கநிலை 1 பதிவில் இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால், ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போர் முதலிலும், ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்போர் அடுத்தும் வைக்கப்படுகின்றனர். ஒரே தூரப் பிரிவுக்குள் போட்டி மிஞ்சினால் குலுக்கல். தூரத்தைக் காட்டி இடம்பெற்ற குடும்பம் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் வசித்தாக வேண்டும் என்ற நிபந்தனை, இடத்துக்காக மட்டும் சில மாதம் வாடகைக்கு வந்து போவோரைத் தடுக்க வந்தது. அங்கே வீட்டு விற்பனை விளம்பரத்தில் அறைகளின் எண்ணிக்கைக்கு அடுத்த வரியிலேயே, ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளின் பெயர்கள் வந்துவிடுகின்றன.

இந்தியாவில் இத்தகைய விதியைப் பெரிய அளவில் முயன்று பார்த்த நகரம் டெல்லி. 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் வெளியிட்ட நெறிமுறைகள், தனியார் பள்ளிகளின் மழலையர் சேர்க்கைக்கான 100 புள்ளிகளில் 70ஐ வீட்டின் அண்மைக்கே வழங்கின. அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் இயங்கும் பள்ளிகளுக்கு மட்டும் அண்மை விதியைக் கொண்டுவந்த 2017 ஜனவரி ஆணைக்கும் அடுத்த மாதமே தடை கிடைத்தது. எந்தப் பள்ளியில் படிப்பது என்பது வீடு எங்கே என்பதால் தீர்மானிக்கப்படக் கூடாது என்று பெற்றோரும், யாரைச் சேர்ப்பது என்பது தங்கள் உரிமை என்று பள்ளி நிர்வாகங்களும் வாதாடினர். தமக்கு வேண்டியதைப் பெறப் பள்ளி நிர்வாகங்களுக்குப் பெற்றோரின் வாதம் வசதியாக அமைந்தது என்று சொல்வது தவறாகாது. நிலச் சந்தையைப் பொறுத்தவரை விளைவு ஒன்றே: ஆண்டுதோறும் மாறும் விதியை நம்பி யாரும் வீடு வாங்குவதில்லை. விதி நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது விலையாக உறையும்.

தமிழ்நாட்டின் வரலாறு வேறு திசையில் சென்றது. காமராசர் ஆட்சிக் காலத்தில் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய விரிவாக்கத்தின் இலக்கு, பிள்ளை ஒரு மைலுக்கு மேல் நடக்காமல் தொடக்கப் பள்ளியை அடைய வேண்டும் என்பது. தூரம் இங்கே அரசு தனக்கு விதித்துக்கொண்ட கடமை. மாணவரை வடிகட்டும் சல்லடை அன்று. இன்றும் அரசுப் பள்ளியில் சேர முகவரி தடையில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளையைத் தலைமையாசிரியர் திருப்பி அனுப்புவதில்லை, எண்ணிக்கை குறையும் காலத்தில் தேடிச் சென்றே சேர்க்கிறார். தனியார் பள்ளிகளோ கட்டணம் கட்டுவோருக்குத் திறந்தவை. பிளாக் ஆராய்ந்ததைப் போன்ற கோடு வரையப்படவே இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தச் செலவை அரசு பள்ளிக்கு ஈடுசெய்கிறது. தமிழ்நாட்டில் இந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், பெற்றோர் பெரும்பாலும் இ-சேவை மையத்திலோ பள்ளி அலுவலகத்திலோ உட்கார்ந்து பதிகிறார்கள். இருப்பிடச் சான்றாக ரேஷன் அட்டையோ ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும். இடங்களைவிட விண்ணப்பம் மிகுந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கிறது. வடிவத்தில் இது சிங்கப்பூர் விதியின் சிறிய உறவினர் எனலாம். ஆனால் அங்கே கோட்டுக்குள் வரத் துடிப்பவர்கள் வீடு வாங்கும் வசதி உள்ளவர்கள், இங்கே தகுதி பெறுபவர்கள் வீடு வாங்க இயலாதவர்கள். ஆகவே இவ்விதி நிலத்தின் விற்பனை விலையைத் தொடுவதற்கு வழியில்லை. தொட்டால் பள்ளியைச் சுற்றியுள்ள ஓட்டு வீடுகள், லைன் வீடுகள் ஆகியவற்றின் வாடகையைத் தொடலாம். அதையும் குலுக்கலின் நிச்சயமின்மை மட்டுப்படுத்துகிறது. ஒன்றிய அரசும் மாநில அரசும் நிதிப் பங்கு குறித்து மோதிக்கொண்டதால் 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனதை நினைத்தால், இதை நம்பி வீடு மாறுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும்.

இப்பின்னணியில் பள்ளிப்பட்டைப் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அமைந்த இப்பேரூர், திருத்தணி மலையடிவாரத்தைவிட ஆந்திரத்து நகரிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தொடர்வண்டி இல்லை, சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டியைப் பிடிக்கத் திருத்தணிக்குப் போக வேண்டும். பொதட்டூர்பேட்டை முதலிய சுற்றூர்களில் விசைத்தறியும், கிராமங்களில் கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் வாழ்வாதாரம். இங்கு மனை விலையை நகர்த்துவன எவை என்று கேட்டால், திருத்தணியில் இரயில் நிலையத்திலிருந்தும் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையிலிருந்தும் உள்ள தூரம், பள்ளிப்பட்டு வட்டத்தில் சித்தூர்-தச்சூர் ஆறுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப்பட்டதால் எழுந்த எதிர்பார்ப்பு, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்ற கேள்வி ஆகியவையே முன்னே வரும். மனைப்பிரிவுத் துண்டறிக்கைகளில் 'டிடிசிபி அப்ரூவல்', 'பஸ் ஸ்டாண்டு 5 நிமிடம்' என்பவற்றோடு 'பள்ளி, கல்லூரி அருகில்' என்ற வரியும் தவறாமல் இருக்கும். ஆனால் எந்தப் பள்ளி என்று அதில் இருக்காது. சிங்கப்பூர் விளம்பரத்தில் பெயரோடு வரும் பள்ளி இங்கே பெயரின்றி வருவதே, அருகாமை இங்கு வசதியாக மட்டும் இருக்கிறது, உரிமையாக இல்லை என்பதற்குச் சான்று.

பெயர் உள்ள பள்ளி வேனில் வருகிறது. தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் கிராமச் சாலைகளில் இறங்கி, கூட்டுச்சாலை கூட்டுச்சாலையாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்கின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு பள்ளியின் உண்மையான சேர்க்கை எல்லை எதுவென்றால், அதன் வேன் எந்தத் திருப்பம் வரை வருகிறது என்பதே. அந்த எல்லை ஆண்டுக்கு ஆண்டு நெளியும். ஒரு ஊரில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் நீளும், நான்காகக் குறைந்தால் சுருங்கும். இத்தகைய கோடு நிலத்தின் விலையில் ஏறாது. மாதந்தோறும் கட்டும் வேன் கட்டணமாகவே நிற்கும். அதோடு கட்டும் கல்விக் கட்டணத்தை, தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. மூலதனமாக்கம் என்று பொருளியலார் தேடுவதன் தமிழ்நாட்டு வடிவம் பெரும்பாலும் இந்த இரண்டு ரசீதுகளில்தான் கிடக்கிறது.

வேன் எட்டாத தூரத்தில் குடும்பமே நகர்கிறது. பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைக்காகத் தாயும் பிள்ளைகளும் திருத்தணியிலோ திருவள்ளூரிலோ வாடகைக்கு இருக்க, தந்தை தறியோடோ நிலத்தோடோ ஊரில் தங்குவது இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதல்லாத, தமிழகமெங்கும் காணப்படும் ஏற்பாடு. வாடகையோடு 'லீஸ்' எனப்படும் போக்கிய முறையும் இதற்குப் பயன்படுகிறது: ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் முன்பணமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவது. பள்ளிப் படிப்பின் கால அளவோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பணம் திரும்பி வந்து கல்லூரிக் கட்டணமாகிறது. இவ்வாறு பள்ளியின் மதிப்பு, வீட்டின் விற்பனை விலைக்குப் போகாமல், போக்கியத் தொகைக்கான வட்டியாக மறைந்து நிற்கிறது. நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகள் இதன் உச்ச வடிவம். மாநில முதலிடங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்ட காலத்தில் அவற்றின் சேர்க்கை எல்லை தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தது. 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது.

பள்ளிப்பட்டுக்கு உண்மையிலேயே கூர்மையான ஒரு கல்வி எல்லை உண்டென்றால் அது மாநில எல்லை. மொழிவழி மாநிலப் பிரிவினையில் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன இப்பகுதி, ம. பொ. சிவஞானம் தலைமையிலான வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கிராமத்தை அலகாகக் கொண்டு பேசும் மொழியை வைத்துக் கோடு வரையப்பட்டாலும், இருபுறமும் இரு மொழியும் எஞ்சின. கோட்டுக்கு இப்பால் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அப்பால் 1974ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை உயர்கல்வி இடங்களில் 85 சதவீதத்தை, நான்கு ஆண்டு தொடர்ந்து அப்பகுதியில் படித்த உள்ளூர் மாணவருக்கு ஒதுக்கியது. 2020இல் தமிழ்நாடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்து, அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அதை விரித்தது. அரசுப் பள்ளி இருக்கைக்கு இதனால் புதிய மதிப்பு வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த விதிகளின் முதன்மை அளவுகோல் பிள்ளை படித்த பள்ளி. பிறப்பிடச் சான்று போன்ற நிபந்தனைகள் தனி. பள்ளி எந்த மாநிலத்தில் என்பது பொருட்டாகிறதே தவிர, வீடு அந்தப் பள்ளிக்கு எத்தனை அடி தூரத்தில் என்பது பொருட்டாவதில்லை. மதிப்பு கூடியும் மனை விலை கூடாததற்கு இதுவே காரணம்.

பள்ளிக்காக அல்லாமல், பள்ளியை ஒட்டி நிலம் பிரிந்திருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிகள் பெரும்பாலும் காலனிப் பகுதிகளில் அமைந்தவை. ஊர்த்தெருப் பெற்றோர் பலர் அவை எவ்வளவு அருகில் இருந்தாலும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. எழுதப்படாத இந்தச் சேர்க்கை எல்லை, எழுதப்பட்ட எதையும்விட உறுதியானது. நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை இத்தகைய தனித்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் பரிந்துரைத்தது. பிளாக் கண்ட அக்கம்பக்க விலை பாஸ்டனில் வருமானத்தைச் சார்ந்தது; இங்கே ஊர்த்தெரு மனைக்கும் காலனி மனைக்கும் உள்ள விலை வேறுபாட்டை வருமானத்தால் மட்டும் விளக்க முயல்வது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

இவற்றையெல்லாம் எண்களால் நிறுவ முடியாதா என்று கேட்கலாம். தடை, பத்திரத்தில் இருக்கிறது. பதிவுத்துறை தெருவாரியாகவும் புல எண் வாரியாகவும் 'வழிகாட்டி மதிப்பு' ஒன்றை நிர்ணயிக்கிறது. அதற்குக் குறையாத தொகைக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதால், கைமாறிய தொகை எதுவானாலும் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகையை எழுதுவதே நெடுநாள் வழக்கம். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. இந்த இரு நாட்களிலும் பத்திர விலைகள் தாவியதற்கு நிலமோ பள்ளியோ காரணமில்லை. வீட்டின் ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியே விலை கணிக்கும் 'பண்புவழி விலைக்கணிப்பு' முறைக்கு மெய்யான விற்பனை விலை அடிப்படைத் தேவை. அது பத்திரத்தில் இல்லை. வங்கிக் கடன் மதிப்பீட்டிலும் தரகர் நினைவிலும் பாதி பாதியாகச் சிதறிக் கிடக்கிறது.

கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்த அண்மைப் பள்ளி முறை, அதாவது ஒரு பகுதியின் எல்லாப் பிள்ளைகளும் சாதி, வருமான வேறுபாடின்றி அப்பகுதிப் பொதுப் பள்ளியிலேயே படிக்கும் முறை, நாட்டில் எங்கும் முழுமையாக வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தச் சொன்ன தமிழ்நாட்டுச் சமச்சீர் கல்வியும் பாடத்திட்டத்தையும் பாடநூலையும் பொதுவாக்கியதே தவிர, யார் எங்கே படிப்பது என்பதைத் தொடவில்லை. என்றேனும் அந்த முறை வந்தால், இதுவரை ரசீதிலும் போக்கியத்திலும் நின்ற மதிப்பு நிலத்துக்கு இடம்பெயரும். அறிவிப்பு நாளில் யாரிடம் நிலம் இருக்கிறதோ அவருக்கு உழைக்காத வருவாய், யார் வாடகைக்கு இருக்கிறாரோ அவருக்குக் கூடுதல் வாடகை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகராட்சி 2008 சேர்க்கையிலிருந்து எல்லைக்குள்ளும் குலுக்கலைப் புகுத்தி, பள்ளி வாசலுக்குப் பக்கத்து வீட்டின் தனிச்சலுகையை நீக்கிப் பார்த்தது. அப்போதும் எல்லைக் கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்ற சண்டை ஓயவில்லை. பள்ளிப்பட்டில் அப்படி ஒரு கோடு வருவாய்க் கிராம வாரியாக வரையப்படுமா, ஆற்றுக்கு இக்கரை அக்கரை என்று வரையப்படுமா, காலனியையும் ஊரையும் ஒரே எல்லைக்குள் வைக்குமா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த வரைபடம் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அதற்குள் விழும் புல எண்களுக்கு வில்லங்கச் சான்று கேட்டுப் பதிவு அலுவலகத்துக்கு வருவோர் பெருகிவிடுவார்கள்.